எதிர்ச்சாட்சியின் எடை

ஸ்ரெல்லா அனுப்பிய படத்தைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல நான் ஒன்றும் வெளியுறவுத் துறையில் வேலை பார்க்கவில்லை. எரிந்தது, அவ்வளவுதான். ஜெனீவாவில் ஏதோ ஒரு மண்டபம். பின்னால் வரிசையாக நாட்டுக் கொடிகள். நடுவில் நீலப் பட்டுச் சேலையில் அவள், கையில் கண்ணாடிக் கோப்பை, வாயெல்லாம் பல். கீழே 'எங்கள் கடலுக்குக் கிடைத்த மரியாதை' என்று ஒரு வரி வேறு. கடலுக்கு மரியாதை என்றால் கடலைக் கூப்பிட்டு மேடையேற்ற வேண்டியதுதானே.

"முன்னெல்லாம் படத்துல அவ புருசன் லியோன் அண்ணனும் நிப்பாவ. இப்பப் பாருங்க, மனுசனுக்கு ஓரத்துல கூட எடம் இல்ல. மேடை பூரா மகாராணிக்குத்தான்" என்று வீட்டுக்காரர் கில்பர்ட்டிடம் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் சும்மா பொறாமப்படுதாங்க. ஒனக்கு மட்டும் அதுக்குப் பதவியே குடுத்துருக்கான். நல்லா படு பிலோமி. கொறச்சிராத."

கேலிதான். ஆனால் அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

என் பதவியின் பெயர் எதிர்ச்சாட்சி. நான் வேம்பாரில் ஒரு சின்னத் தன்னார்வ அமைப்பை நடத்துகிறேன். வலை பின்னுகிறவர்கள், நர்சுகள், டீச்சர்மார், ஐஸ் ஆலையில் வேலை செய்கிறவர்கள் என்று எல்லாரும் கரைக்காரர்கள். எதிர்க்கரையில், மன்னாருக்குத் தெற்கே வங்காலையில், ஸ்ரெல்லா அதே மாதிரி ஒன்றை நடத்துகிறாள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வளைகுடாவில் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. அதை மேய வருகிற கடற்பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்போம். உருவம் பெரிசு, சுபாவம் மகா கூச்சம்.

வயசுக் காலத்தில் நாங்கள் இருவரும் சிநேகிதிகள். ஆமை முட்டை காக்கும் முகாம் ஒன்றில் ஒரே அறை, ஒரே கொசுவலை. நான் வங்காலைக்குப் போனபோது அவள் புருஷன் லியோன் அண்ணன் எனக்காகவே நண்டுக்கறி வைத்தார். "தங்கச்சி, இன்னும் ரெண்டு போடு" என்று விடாமல் பரிமாறினார். அதெல்லாம் இரண்டு நாடும் கடலுக்காகப் போட்ட இருகரை உடன்படிக்கைக்கு முந்திய கதை.

உடன்படிக்கை வந்ததும் என்னை மொரீஷியஸில் உள்ள அதன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே தலைமை அதிகாரி மதாம் சின்னப்பேன். கொள்ளுத் தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போன குடும்பம். பெயரில் மட்டும் தமிழ் மிச்சம். அவர் பிரெஞ்சில் பேச, என் காதில் மாட்டிய பொத்தான் அதைப் பாடப் புத்தகத் தமிழில் சொன்னது.

"இரண்டு அரசுகளும் ஒன்றின் கணக்கை மற்றொன்று நம்புவதில்லை. ஆகவே கரைகளில் வாழும் மக்களின் அமைப்புகளே கடலைக் கணக்கெடுக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மக்களின் கணக்கை யார் சரிபார்ப்பது?"

"இன்னொரு அமைப்பு" என்றேன்.

"நட்பான அமைப்பு தலையாட்டிவிடும். பகையான அமைப்பு பொய்க் குற்றம் சொல்லும். இரண்டையும் செய்து பார்த்துத் தோற்றுவிட்டோம். பொறாமைப்படுகிறவர்தான் உண்மையான குறையைத் தேடுகிறார். பொய்க் குறையால் அவர் மனம் ஆறாது. எதிராளி தன்னைவிட உசத்தி இல்லை என்று அவருக்கே நிரூபணமாக வேண்டும். அப்படிப்பட்டவர் தேடியும் குறை கிடைக்காவிட்டால், அந்தக் கணக்கை எந்த நாடும் மறுக்க முடியாது."

பிறகு மேசையில் இருந்த உலோகத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அதன் பெயர் துலா. கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஒரு ஆளைப் பற்றிப் பேசினால் போதும். ரத்தம், வேர்வை, குரல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அந்த ஆள்மேல் நம் மனசு எப்படி இருக்கிறது என்று முள் காட்டிவிடும். நான் ஸ்ரெல்லாவைப் பற்றி நல்லதாகத்தான் பேசினேன். கெட்டிக்காரி, கடும் உழைப்பாளி என்றெல்லாம் சொன்னேன். முள் நேரே சிவப்புக் கோட்டில் போய் நின்றது.

"மிகவும் தூய்மையான பொறாமை" என்றார் மதாம், பாராட்டுகிற மாதிரி. "அவர் சொன்னது சரிதான். உங்கள் பெயரைத் தந்ததே திருமதி ஸ்ரெல்லா."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. முள் காட்டுகிற அளவுக்கு அங்கே எடை என்று பேர். என் எடையை அவ்வப்போது பார்த்து இரு தரப்புக்கும் அறிவிப்பது விதியாம். ஆக நான் அவள்மேல் எவ்வளவு பொறாமைப்படுகிறேன் என்பது, காய்ச்சல் அளவு மாதிரி, அவளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்புறம் எப்படிப் பேசுவது? நான் போனை எடுப்பதை விட்டேன். அவளும் கூப்பிடுவதை விட்டாள். படங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. இந்த விருது, அந்த மாநாடு, மந்திரியோடு சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் எனக்குச் சோறு இறங்காது.

வருஷக்கணக்காக அவள் கணக்கைத் தோண்டினேன். அவளுடைய ஆட்கள் படகில் போய், ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி, ஆவுளியா எழுப்பும் கீச்சொலியை எண்ணுவார்கள். இரண்டு நாட்டுக் கடற்படைகளும் கடலுக்குள் கருவி எதையும் விட்டுவரச் சம்மதிக்காததால், ஆளோடு போய் ஆளோடு திரும்புகிற கருவிக்குத்தான் அனுமதி. அதே மாதிரி என் ஆட்களும் இந்தப் பக்கம் போய் எண்ணி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். எப்போதும் ஒத்துப்போகும். எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. ஒரு கப்பல் கம்பெனி, வளைகுடாவின் நடுவே ஆழப்படுத்தித் தடம் வெட்ட அனுமதி கேட்டிருந்தது. தடம் போகிற இடம் சரியாகக் கடற்புல் வெளியின் முதுகு. புல்வெளியில் ஆவுளியா போதுமான அளவு நிலையாக வாழ்கிறது என்று மக்கள் கணக்கு காட்டினால் தடம் கிடையாது. காட்டாவிட்டால் மண்வாரிக் கப்பல்கள் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். மொரீஷியஸில் விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் புதுநன்மை வைபவம். கணக்கெடுக்க ஒருத்தரும் வரவில்லை. சரி என்று புதன்கிழமை லீவு போட வைத்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒலிவாங்கியை இறக்கினால் கேட்டதெல்லாம் எஞ்சின் சத்தம். ஆவுளியா ஒன்றுகூட இல்லை. கருவி கெட்டுவிட்டதென்று வேறு ஒன்று எடுத்தேன்; ஞாயிறு அதில் வழக்கம் போல நிறையக் கேட்டது. அதையே எடுத்துக்கொண்டு மறு புதன் போனேன். முந்தின புதன் கதைதான்.

கரைக்குத் திரும்பும்போது விஷயம் பிடிபட்டது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்குவார்கள். வங்காலையிலும் அப்படியே. எங்கள் ஆட்களுக்கு ஓய்வு கிடைக்கிறதும் அன்றைக்குத்தான் என்பதால், இரண்டு கரையிலும் இத்தனை காலம் ஞாயிற்றுக்கிழமையிலேயே எண்ணியிருக்கிறோம். விசைப்படகு ஒன்றும் ஓடாத, அமைதியான கடலை மட்டும் எண்ணிவிட்டு, வாரம் முழுக்கக் கடல் இப்படித்தான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அகப்பட்டாள் என்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்தான் சொல்ல வேண்டும். உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற ஸ்ரெல்லாவின் கணக்கில் அடிப்படையே பிழை. கரையில் கால் வைக்கும்போதுதான் அடுத்தது உறைத்தது. இதைச் சொன்னால் அவள் மானம் மட்டும் போகாது. புல்வெளியும் போகும்.

"வாய மூடிட்டு இரி" என்றார் கில்பர்ட். "தடம் நிக்கட்டும். அவ பேரு எடுத்தா எடுத்துட்டுப் போறா. ஒனக்கு என்ன கொறஞ்சிரும்?"

"தப்பான கணக்க வச்சு அவ ஜெயிக்கணுமா?"

"அவ ஜெயிக்கல பிலோமி. ஆவுளியா ஜெயிக்கும்."

"நாளைக்கே கம்பெனிக்காரன் ஒரு வியாழக்கிழமை போய் எண்ணிட்டு வந்து நின்னா? பொய்யின்னு எல்லாத்தையும் தூக்கிப் போட்ருவானே. அப்ப எந்தக் கடலுக்கும் எந்தக் கரைக்காரன் சொல்லும் ஏறாது."

"நெசமாவே அதுக்குத்தான் சொல்லப் போறியா?"

நாற்பது சதவீதம் அதற்குத்தான். மிச்சம் என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மொரீஷியஸில், போர்ட் லூயி விசாரணை மண்டபம் குளிரூட்டியில் விறைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் இரண்டு அரசுகளின் ஆட்கள். இன்னொரு பக்கம் கப்பல் கம்பெனியின் வக்கீல் பிரசன்னா, சென்னைக்காரர், சிரித்த முகம். எதிரே ஸ்ரெல்லா. இளைத்திருந்தாள். இளைத்தாலும் அழகாகத்தான் இருந்தாள், அதையும் கவனித்தேன். எப்போதும் போல முகத்தை நிமிர்த்திக்கொண்டு, என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி, கழுத்தில் கிடந்த பதக்கத்தைச் சரிசெய்தாள். பதக்கத்தை விசாரணைக்கா போட்டுக்கொண்டு வருவார்கள்?

மதாம் கேட்டார். "எதிர்ச்சாட்சி அவர்களே, நீங்கள் அறிந்த குறை ஏதேனும் உண்டா?"

சொன்னேன். ஞாயிறு, புதன், எஞ்சின், ஓய்வு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். என் கரையும் அதே பிழையைச் செய்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுப்பதைப் பார்த்தேன். இந்தக் காட்சிக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் வாயில் ருசியே இல்லை.

பிரசன்னா எழுந்தார். "அப்படியானால் கணக்கு முழுவதையும் தள்ளுபடி செய்ய வேண்டும். எங்கள் கப்பல்கள் தயாராக இருக்கின்றன."

ஸ்ரெல்லா மெதுவாக எழுந்தாள். "ஓம். பிழைதான். நாங்கள் ஞாயிறிலதான் போனனாங்கள். எனக்கு ஒரு நாளும் மண்டைக்குள்ள தட்டேல்ல." பிறகு, இத்தனை காலத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, நேரே என்னிடம் பேசினாள். "பிலோமி, நீ புதன்கிழமை போயிட்டு, அடுத்த ஞாயிறும் போனனீ தானே? அண்டைக்கு என்ன கேட்டது?"

பொய் சொல்ல வழியில்லை. "வழக்கம் போல. நெறைய கேட்டுச்சு."

"அப்ப அந்தச் சீவன் எங்கயும் ஓடிப் போகேல்ல. சத்தம் அடங்குற வரைக்கும் எட்ட நிண்டு காத்துக்கொண்டு நிக்குது. கிழமையில ஒரு நாள் நாங்கள் பூசைக்குப் போறம், அது சாப்பிட வருது." அவள் மதாமின் பக்கம் திரும்பினாள். "தடம் வந்தா ஞாயிறும் கப்பல் ஓடும். அதுக்கு இருக்கிற ஒரு நாளும் இல்லாமப் போகும்."

பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கண்டுபிடித்தது நான். புதன்கிழமை வெயிலில் காய்ந்தது நான். கைதட்டு அவளுக்கு. இந்தப் பெண்ணைக் குழியில் தள்ளினாலும் அங்கே ஒரு மேடை கண்டுபிடித்துவிடுவாள்.

மதாம் தீர்ப்பை வாசித்தார். பழைய கணக்கு செல்லாது. ஆனால் எதிர்ச்சாட்சியே ஒப்புக்கொண்ட புதிய செய்தியைத் தள்ள முடியாது. இரண்டு கரையிலும் ஒரு பருவம் முழுக்கப் புதன்கிழமையும் படகுகளை நிறுத்தி, எல்லா நாளும் எண்ணிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்ற புதனிலும் ஆவுளியா வந்தால் தடத்துக்கு நிரந்தரத் தடை. அதுவரை மண்வாரிகள் நகரக்கூடாது.

ஊருக்குப் போய், வாரத்தில் இன்னொரு நாள் பிழைப்பை விடுங்கள் என்று படகுக்காரர்களிடம் நான்தான் கேட்க வேண்டும்.

"ஒரு நிபந்தனை" என்றார் மதாம். "மறு கணக்கு முடியும்வரை அதே எதிர்ச்சாட்சி நீடிக்க வேண்டும். இன்னும் சிறிது நேரத்தில் மறுபடி எடை பார்ப்போம். எடை குறைந்திருந்தால் ஏற்பாடு ரத்து. தடத்துக்கு அனுமதி."

எனக்குக் கவலையே இல்லை. அந்தக் கைதட்டுக்கு அப்புறம் என் எடை யானை எடை இருக்கும்.

வெளியே நடைவழியில் காப்பி வைத்திருந்தார்கள். ஸ்ரெல்லா ஒரு ஓரத்தில் நின்றாள், நான் மறு ஓரத்தில். பிரசன்னா இருவருக்கும் நடுவில் வந்து நின்று, என் காதில் விழும்படி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மேடம், வழக்கு வேற, மனுஷத்தனம் வேற. இப்பத்தான் கேள்விப்பட்டேன். உங்க ஹஸ்பண்ட் லியோன் சார் தவறிட்டாராமே. ரெண்டு வருஷம் ஆச்சாம். புற்றுநோய்னு சொன்னாங்க. தனியாவே எல்லாத்தையும் பாத்துக்கிட்டீங்களாமே. கேட்டதும் மனசு கஷ்டமாயிடுச்சு." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

லியோன் அண்ணனின் நண்டுக்கறிதான் நினைவில் வந்தது. தங்கச்சி, இன்னும் ரெண்டு போடு. மனுசனுக்கு ஓரத்துல கூட எடம் இல்ல என்று நான்தானே சிரித்தேன்.

"ஸ்ரெல்லா" என்று போனேன்.

"கிட்ட வராத." அவள் கையை நீட்டித் தடுத்தாள். "அந்தாள் வேணுமெண்டுதான் சொன்னவன். உனக்கு விளங்கேல்லையே? நீ இரக்கப்பட்டா எடை விழுந்திரும்."

"ஏன் எனக்குச் சொல்லல? நான் வந்துருக்க மாட்டேனா?"

"வந்திருப்பாய். அடுத்த கப்பல்ல வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பாய். எனக்குத் தெரியாதே? பிறகு ஆர் என்ர கணக்கில பிழை பிடிக்கிறது? நீ இல்லாட்டி இண்டைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை ஆர் கண்டுபிடிச்சிருப்பினம்?" அவள் குரல் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. "உன்ர எடை கொஞ்சம் இறங்கினது எண்டு காயிதம் வந்தா, அண்டைக்கே ஒரு படம் அனுப்பிப் போடுவன். லியோன் படுக்கையில கிடக்கேக்கையும் அனுப்பினன். அவர்தான் சிரிச்சுக்கொண்டு, இந்தச் சேலையைக் கட்டு, தங்கச்சிக்கு நல்லா எரியும் எண்டு சொன்னவர்."

"அந்தப் படமெல்லாம் எனக்காகவா எடுத்த?"

"அரைவாசி."

"மிச்சம்?"

"மிச்சம் எனக்கு மேடை விருப்பம். ஏன், விரும்பக் கூடாதே?"

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தட்டில் கட்டைவிரலை வைத்தேன். பிரசன்னா சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதபடி மதாம் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்ரெல்லாவைப் பற்றிச் சொல்லுங்கள்."

சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. லியோன் அண்ணனைப் பற்றிச் சொன்னேன், நண்டுக்கறியைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் போச்சு, என் கண்ணீரில் புல்வெளி கரைந்து போகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கில்பர்ட்டுக்குத் தலைவலி வந்தாலே நான் தெருவுக்கெல்லாம் சொல்லுவேன். இவள் புருஷன் சாகக் கிடக்கும்போது பட்டுச் சேலை கட்டி, சிரித்து, படம் எடுத்து, இருந்த ஒரு சிநேகிதியையும் கடலுக்காகத் தூர நிறுத்தியிருக்கிறாள். ஊருக்குத் தெரியாமல். எனக்குத் தெரியாமல். நான் செய்திருப்பேனா? செத்தாலும் என்னால் முடியாது. விருதில் முந்தினாள், மேடையில் முந்தினாள், சரி. துக்கத்தில் கூடவா ஒருத்தி என்னை முந்த வேண்டும்?

மதாம் முள்ளை நெடுநேரம் பார்த்தார். கருவியை ஒரு தடவை தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"குறையவில்லை" என்றது என் காதுப் பொத்தான். "சற்றே ஏறியிருக்கிறது."

பிரசன்னா கதவைச் சாத்தாமலே போனார்.

நடைவழியில் ஸ்ரெல்லா சுவரில் சாய்ந்து நின்றாள். பதக்கத்தைக் கழற்றிக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டாள்.

"ஏறிட்டு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். இரண்டு வருஷத்து அழுகை, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள என் கை துடித்தது. மறு கணக்கு முடிய இன்னும் ஒரு பருவம் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு, அவள் அழுது ஓய்கிற வரைக்கும் நான் எட்ட நின்றேன்.